மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு வீட்டுக்குள் வன்முறை: தமிழ்நாட்டில் யாரிடம், எந்தத் தாளோடு, எந்த வரிசையில் போக வேண்டும்

என் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. ஊன்றுகோல் இரண்டும் கையில் இருந்தால் ஊரையே சுற்றி வருவாள். அவள் கணவர் கை ஓங்குவதற்கு முன் அந்த ஊன்றுகோல்களை எடுத்துப் பரண்மேல் போட்டுவிடுவார். அவளை அந்த வீட்டிலிருந்து மீட்க நாங்கள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. பெண்களுக்கான அலுவலகத்தில் "இவங்க மாற்றுத்திறனாளி, அந்த ஆபீஸைப் பாருங்க" என்றார்கள். மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்திலோ "இது குடும்பப் பிரச்சினை, மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்க" என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் தொங்கிக்கொண்டு நிற்கிறாள்.

உண்மையில் இரண்டு சட்டங்களும் ஒரே நேரத்தில் அவளுக்குப் பொருந்தும். ஒன்று, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம். மற்றொன்று, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016. முதல் சட்டம் பல அதிகாரிகளுக்குத் தெரியும். இரண்டாவதை நீங்கள்தான் கையில் எடுத்துப் போக வேண்டியிருக்கும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. இந்த நிமிடமே ஆபத்து என்றால்

மீதியைப் பிறகு படியுங்கள். 112 காவல்துறைக்கு, 181 பெண்கள் உதவி எண், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் 1098. மூன்றும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை. பாதிக்கப்பட்டவரே பேச வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டுக்காரர், தோழி, தங்கை யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

அழைத்ததும் முதல் வாக்கியத்திலேயே மாற்றுத்திறனைச் சொல்லிவிடுங்கள். "சக்கர நாற்காலி இல்லாமல் நகர முடியாது", "காது கேட்காது, சைகை மொழிதான்", "வலிப்பு மாத்திரை தினமும் வேண்டும்" என்று சொன்னால்தான் வருகிறவர்கள் அதற்கேற்ற வண்டியோடும் ஆளோடும் வருவார்கள். அவசரத்தில் ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு நாற்காலியை விட்டுவிட்டு வந்தால், மறுநாள் அதை மீட்பதே தனிப் போராட்டம். காவலர் நிற்கும்போதே உதவிக்கருவி, மருந்து, அடையாள அட்டை மூன்றையும் வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.

காது கேளாதவர்களுக்குத் தொலைபேசி உதவி எண் பயன்படாது. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசரப் பொத்தான் இருக்கிறது. அதை முன்கூட்டியே பதிவு செய்து வையுங்கள். நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்ப ஒரு சங்கேதப் படத்தையும் முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் வந்தால் அவர் 112ஐ அழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

2. எதெல்லாம் வன்முறை என்று தெரிந்துகொள்ளுங்கள்

அடித்தால்தான் வன்முறை என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். 2005 சட்டம் உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என நான்கு வகைகளையும் சேர்த்தே சொல்கிறது. மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு நடப்பது பெரும்பாலும் கைதடம் பதியாத வகைதான். கழிப்பறைக்குத் தூக்கிப் போகாமல் மணிக்கணக்கில் விட்டுவிடுவது, மாத்திரையை மறைப்பது, காது கருவியின் பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொள்வது, உதவித்தொகை வரும் ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொள்வது, ஊனத்தைச் சொல்லி வந்தவர் போனவர் முன்னால் திட்டுவது.

2016 சட்டத்தின் 92ஆம் பிரிவு இவற்றில் பலவற்றைத் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. உங்கள் பொறுப்பில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு வேண்டுமென்றே உணவோ நீரோ கொடுக்காமலிருப்பது, உறுப்பையோ உதவிக்கருவியையோ சேதப்படுத்துவது அல்லது பயன்படுத்தவிடாமல் தடுப்பது, பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது, அதிகாரத்தைப் பயன்படுத்திப் பாலியல் சுரண்டல் செய்வது, அவளுடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கருக்கலைப்பு செய்யவைப்பது. தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை, அபராதத்தோடு. பரண்மேல் போட்ட ஊன்றுகோல் இந்தப் பிரிவில் வரும். புகாரில் "என் நடமாட்டக் கருவியை எடுத்து ஒளித்துவைத்தார்" என்று தேதியோடு எழுதுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். கணவர் வீடு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பிறந்த வீட்டில் அண்ணன், அப்பா, சித்தி கொடுமை செய்தாலும் 2005 சட்டம் பொருந்தும், ஏனென்றால் இரத்த உறவில் ஒரே வீட்டில் வாழ்வதையும் அது குடும்ப உறவாகவே பார்க்கிறது. திருமணம் ஆகாத மாற்றுத்திறனாளிப் பெண்கள் எத்தனையோ பேர் அண்ணன் வீட்டு மூலையில் சத்தமில்லாமல் இதை அனுபவிக்கிறார்கள். மாமியார், நாத்தனார் மீதும் மனு போடலாம். 'வயது வந்த ஆண்' மீதுதான் போட முடியும் என்றிருந்ததை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கிவிட்டது.

3. கிளம்புவதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை

ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்க முயலாதீர்கள், சந்தேகம் வரும். ஆதார், குடும்ப அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் 'யு.டி.ஐ.டி.' எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும், மருத்துவச் சான்று, வங்கிப் புத்தகம், திருமணப் பதிவுச் சான்று ஆகியவை முதலில். திருமணம் பதிவாகாவிட்டால் பத்திரிகையும் கல்யாணப் புகைப்படமும் போதும். குழந்தைகளின் பிறப்புச் சான்று, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு, உதவிக்கருவி வாங்கிய ரசீது அல்லது அரசு வழங்கிய ஆணை. சீர்வரிசை நகை, பாத்திரம், வண்டி இவற்றின் பட்டியலை ஒரு தாளில் எழுதிவையுங்கள். திருப்பிக் கேட்க அது தேவைப்படும்.

அசல் கிடைக்கவில்லை என்றால் அதற்காகக் கிளம்பாமல் இருக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் படமெடுத்து நம்பிக்கையானவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து நீக்கிவிடுங்கள். ஆதாரும் தனித்துவ அட்டையும் இணையத்திலிருந்து மறுபடி எடுக்கக்கூடியவை. இதில் ஒரு பொறி இருக்கிறது: ஆதாரோடு இணைத்த கைபேசி எண் பெரும்பாலும் கணவருடையதாக இருக்கும், ஓடிபி அவருக்குத்தான் போகும். வீட்டைவிட்டு வந்ததும் முதல் வேலையாக ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுங்கள். கைரேகை வைத்தால் போதும், சிறு கட்டணம்தான்.

பார்வையற்றவர்கள் கவனிக்க: திரைவாசிப்பான் செய்திகளைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொடுத்துவிடும். காதொலிப்பான் இல்லாமல் இது சம்பந்தமான எதையும் திறக்காதீர்கள். வாட்ஸ்அப் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

மிரட்டும் குரல்பதிவும் குறுஞ்செய்தியும் இருந்தால் அழிக்காதீர்கள், வேறொருவருக்கு அனுப்பினாலும் அசல் போனை வைத்திருங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றைக் கொடுக்கத் தனிச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை வழக்கறிஞர் தயாரிப்பார். ஆனால் போன் கையில் இருக்க வேண்டும்.

4. முதல் கதவு பாதுகாப்பு அலுவலர்

என் அழுத்தமான கருத்து இது. உயிராபத்து இல்லாத நிலையில் காவல் நிலையத்துக்கு முன், 2005 சட்டத்தின்படி இதற்கென்றே நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். காவல் நிலையத்தில் கிடைப்பது வழக்கு. உங்களுக்கு இன்று தேவை இருக்க இடம், சாப்பிடப் பணம், அடி விழாமலிருக்க உத்தரவு. அதற்கான வாசல் இவர்தான். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பார். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் விசாரித்தால் காட்டுவார்கள். 181இல் கேட்டாலும் உங்கள் மாவட்டத்து அலுவலரோடு இணைப்பார்கள்.

அவர் உங்கள் வாக்குமூலத்தைக் கேட்டு 'டி.ஐ.ஆர்.' எனப்படும் குடும்ப நிகழ்வு அறிக்கையைப் படிவம் 1இல் எழுத வேண்டும். வழக்கின் அடித்தளமே இந்தத் தாள்தான். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, இடம், செய்தவர் பெயர், யார் பார்த்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். தேதி நினைவில்லை என்றால் "ஆடிப் பெருக்குக்கு முந்தின வாரம்", "மகளுக்குப் பரீட்சை நடந்தபோது" என்று சொன்னாலும் எழுதச் சொல்லுங்கள்.

படிவம் 5 என்று பாதுகாப்புத் திட்டம் ஒன்று உண்டு. அலுவலர் உங்களோடு பேசித் தயாரிக்க வேண்டியது. பலர் இதைக் கேட்பதே இல்லை. உங்களுக்குச் சரிவுப்பாதை வேண்டும், உதவியாளர் வேண்டும், சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையெல்லாம் இதில் எழுத்தில் ஏற்றுங்கள். பிறகு தங்குமிடத்திலும் நீதிமன்றத்திலும் அதையே காட்டலாம்.

நேரில் போக முடியாவிட்டால் வேறு ஒருவர் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்று 4ஆவது பிரிவு சொல்கிறது. நீதிமன்ற மனுவைக்கூட உங்கள் சார்பில் இன்னொருவர் போட 12ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. படுக்கையிலிருந்து எழ முடியாத பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி சட்டத்தில் இல்லை.

இங்கே மூன்று பொறிகள். முதலாவது, கணவரைக் கூப்பிட்டு ஒரே அறையில் உட்காரவைத்து 'கவுன்சிலிங்' செய்வது. பயமாக இருந்தால் தனித்தனியாகப் பேசச் சொல்லுங்கள், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவது, மொழிபெயர்ப்பு. காது கேளாத பெண் சொல்வதை அவள் மாமியாரோ கணவரின் தம்பியோ 'விளக்கிச் சொல்ல' அனுமதிக்கவே கூடாது. அந்த இடத்தில் நான் குறுக்கிட்டுச் சத்தம் போட்டிருக்கிறேன், நீங்களும் போடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பாசிரியரையோ கேளுங்கள். மூன்றாவது, கைநாட்டு. பார்வையற்றவரோ படிக்கத் தெரியாதவரோ, உங்கள் ஆள் ஒருவர் முழுதாகப் படித்துக்காட்டாத எந்தத் தாளிலும் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள். 'சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதிய தாளாக அது இருக்கக்கூடும்.

செலவு? இந்த அலுவலகத்தில் ஒரு ரூபாயும் இல்லை. அறிக்கை நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், அதுவும் இலவசம். அலைச்சலுக்கு ஆட்டோதான் பெரிய செலவு. சாதாரண கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் துணையும் கட்டணமில்லாமல் போகலாம், ஆனால் நாற்காலியை ஏற்ற முடியாத பேருந்தே அதிகம் என்பது தெரிந்ததுதான்.

5. தங்க இடம்

ஒவ்வொரு மாவட்டத்திலும் 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவம், காவல் உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில். இரவு நேரத்திலும் போகலாம். தற்காலிகமாக ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அங்கிருந்தே நீண்ட காலத் தங்குமிடத்துக்கு அனுப்புவார்கள்.

போகும் முன் போனில் கேட்க வேண்டியவை: கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி போகுமா, மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா, தங்கும் அறை கீழ்த்தளத்திலா, உடன் ஒரு பெண் துணை தங்க முடியுமா, பிள்ளைகளை அழைத்து வரலாமா. பிள்ளை ஆண், வயது கூடுதல் என்றால் அனுமதிக்காத இடங்கள் உண்டு, அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

"உங்களைப் பார்த்துக்க ஆள் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பினால் அப்படியே திரும்பாதீர்கள். பாதுகாப்பு அலுவலர் கேட்டுக்கொண்டால் தங்குமிடப் பொறுப்பாளர் இடம் கொடுக்க வேண்டும் என்று 2005 சட்டத்தின் 6ஆவது பிரிவே சொல்கிறது. ஆகவே அலுவலரிடம் எழுத்தில் கோரிக்கை வாங்குங்கள். மறுக்கும் காரணத்தையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல மறுப்புகள் மறைந்துவிடுகின்றன.

சென்னையில் பி.சி.வி.சி. என்ற அமைப்பு வன்முறைக்குள்ளான பெண்களுக்காகவே வேலை செய்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 'டாராடாக்' சங்கத்துக்குப் பல மாவட்டங்களில் கிளைகள் உண்டு. அலுவலகத்துக்கு உடன் வரச் சொல்லி அவர்களைக் கேளுங்கள். சங்கத்து ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் குரலே மாறிவிடும்.

6. மருத்துவமனையில் ஏ.ஆர்.

காயம் சின்னதாக இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிய வையுங்கள். 'ஏ.ஆர். போடுங்க' என்று கேட்டால் தெரியும். எப்படி அடிபட்டது என்ற கேள்விக்கு "கீழே விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுவே பதிவாகி, பின்னால் உங்களுக்கு எதிராக நிற்கும். மாற்றுத்திறனாளி என்றால் 'விழுந்திருப்பார்' என்று அவர்களே எழுதிக்கொள்வதும் நடக்கும். யார், எதனால் அடித்தார் என்பதைச் சொல்லுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உடன் வந்த கணவரை வெளியே நிற்கச் சொல்லும்படி செவிலியரிடம் கேட்கலாம். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், நகல் பிறகு வாங்கலாம். மருந்து நிறுத்தப்பட்டதால் உடல்நிலை மோசமாகியிருந்தால் அதையும் மருத்துவக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

7. காவல் நிலையம்

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ அருகிலுள்ள எந்த நிலையத்துக்கோ போகலாம். எல்லை வேறு என்று சொல்லி அனுப்ப முடியாது, எல்லை பார்க்காமல் முதல் தகவல் அறிக்கை பதிய 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. புகாரைக் கொடுத்ததும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான 'சி.எஸ்.ஆர்.' ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள். ரசீது இல்லாத புகார் கொடுக்காத புகார்தான்.

புகாரில் கணவரோ அவர் உறவினரோ செய்த கொடுமைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு (பழைய 498ஏ, மூன்று ஆண்டு வரை சிறை), கூடவே மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 92ஆம் பிரிவு என இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவதைப் பல நிலையங்களில் சேர்ப்பதில்லை. பிரிவைத் தாளில் அச்சடித்துக்கொண்டு போய்க் காட்டினால் சேர்ப்பார்கள்.

பாலியல் குற்றம் என்றால், மாற்றுத்திறனாளியின் புகாரை அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ வந்து பதிய வேண்டும். மொழிபெயர்ப்பாளரோ சிறப்பாசிரியரோ உடனிருக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், எழுதுகிறவர் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். விசாரணைக்கும் உங்களை நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, இருக்கும் இடத்துக்கு அவர்கள் வர வேண்டும். நாற்காலியோடு மூன்று படி ஏறச் சொல்லும் நிலையத்துக்கு நீங்கள் போகவே தேவையில்லை.

பதிய மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், அஞ்சல் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வழக்கறிஞர் மூலம் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

பேச முடியாதவர் சாட்சி செல்லுமா என்று மிரட்டுவார்கள். செல்லும். எழுதியோ சைகையிலோ சொல்வது வாய்மொழிச் சாட்சியாகவே கருதப்படும். பார்வையற்ற பெண் ஒருவரின் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறன் காரணமாக ஒருவரின் சாட்சியத்தைப் பலவீனமானதாகக் கருதக்கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது.

8. கோட்டாட்சியரிடம் ஒரு மனு

யாரும் சொல்லித்தராத கதவு இது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி, ஒரு மாற்றுத்திறனாளி கொடுமைப்படுத்தப்படுகிறார் என்று நம்பக் காரணமுள்ள எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம். நம் ஊரில் வட்டாட்சியர், கோட்டாட்சியர் ஆகியோருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. அவர் மீட்க உத்தரவிடலாம், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சொல்லலாம், பராமரிப்புக்கு ஏற்பாடு செய்யலாம்.

வெள்ளைத்தாளில் எழுதினால் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். "மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 7(2)இன் கீழ் தகவல்" என்று தலைப்பிடுங்கள். அடையாள அட்டை நகல், டி.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். எண் இணையுங்கள். நேரில் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்தில் இன்னொரு பிரதி கொடுத்தால் மனு எண் கிடைக்கும், பின்தொடர எளிது. நகர்வு இல்லை என்றால் முதல்வரின் உதவி எண்ணான 1100இல் கேளுங்கள், அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள்.

இந்தப் பிரிவுக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை. 2005 சட்டம் பெண்களுக்கு மட்டுமே. ஆகவே அண்ணன் தம்பிகளிடம் அடிபடும் மாற்றுத்திறனாளி ஆண்களுக்கு இந்த மனுவும் 92ஆம் பிரிவுப் புகாரும் கைகொடுக்கும். முதியவர் என்றால், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்பு கேட்டுக் கோட்டாட்சியரிடமே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி மனு போடலாம்.

9. நீதிமன்றம்: என்ன கேட்க வேண்டும்

பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கோ வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கோ போங்கள், அல்லது 15100ஐ அழையுங்கள். ஆதாரும் அடையாள அட்டையும் போதும். இலவச வழக்கறிஞர் உங்களிடம் பணம் கேட்டால் அதே அலுவலகத்தில் சொல்லி ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

மனு நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில். கணவர் ஊரில் போட வேண்டும் என்றில்லை, இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம். விவாகரத்து கேட்கத் தேவையில்லை. முதல் விசாரணை மூன்று நாளுக்குள், வழக்கு அறுபது நாளுக்குள் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பல மாதம் இழுக்கும். அதனால்தான் 23ஆவது பிரிவின் இடைக்கால உத்தரவைப் பிரமாணப் பத்திரத்தோடு முதல் நாளே கேட்க வேண்டும். எதிர்த்தரப்பு வராமலே கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

கேட்கும் நிவாரணங்களைப் பொதுவாக எழுதாதீர்கள். வசிப்பிட உத்தரவு கேட்டால் "கீழ்த்தளமும் சரிவுப்பாதை உள்ள கழிப்பறையும்" என்று குறிப்பிடுங்கள். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது, கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும் அவள் வாழ்ந்த பகிர்ந்த இல்லமாக இருக்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதுகாப்பு உத்தரவில் உதவிக்கருவி, மருந்து, உதவியாளர், சிகிச்சை இவற்றைத் தடுக்கக் கூடாது என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பண நிவாரணத்தில் உடைத்த நாற்காலியின் விலை, மருத்துவச் செலவு, உதவியாளர் சம்பளம், ஆட்டோ செலவு எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். ஜீவனாம்சம் நிர்ணயிக்கும்போது கடும் மாற்றுத்திறனையும் தொடர் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு ரஜ்னேஷ் - நேஹா வழக்குத் தீர்ப்பில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பின்படி இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும், ஆகவே ரசீதுகளை இன்றிலிருந்தே ஒரு உறையில் சேர்த்து வையுங்கள்.

மாடியில் உள்ள நீதிமன்றம் என்றால் தரைத்தளத்தில் விசாரிக்கவோ காணொலியில் ஆஜராகவோ முன்கூட்டியே மனு கொடுங்கள். மூடிய அறையில் விசாரிக்கவும் கேட்கலாம்.

10. உதவித்தொகையும் வங்கிக் கணக்கும்

கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அது கணவரோடோ அண்ணனோடோ உள்ள கூட்டுக் கணக்குக்குப் போனால் உங்கள் கைக்கு வராது. தனிப் பெயரில் கணக்கு திறந்து, புத்தக நகலோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கணக்கு மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். மாதக் கடைசியில் கொடுத்தால் அடுத்த மாதத் தொகை பழைய கணக்குக்கே போய்விடலாம், மாதத் தொடக்கத்தில் கொடுங்கள். புதுக் கணக்கில் பணம் வந்து சேர்ந்த பிறகே பழையதை மூடுங்கள். பழைய ஏடிஎம் கார்டை மட்டும் இன்றே முடக்குங்கள்.

11. 'பைத்தியம்', 'பாதுகாவலர்' என்ற மிரட்டல்

மனநலப் பாதிப்புள்ள பெண்களை "கீழ்ப்பாக்கத்தில் சேர்த்துவிடுவேன்" என்று வாயை அடைப்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி கணவர் நினைத்த மாத்திரத்தில் சேர்க்க முடியாது. சம்மதமில்லாத அனுமதிக்கு நிபுணர்கள் இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். பெண் என்றால் மூன்று நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நோய் இருப்பதாலேயே ஒருவர் 'சித்தசுவாதீனமற்றவர்' ஆகிவிடுவதில்லை, அதை நீதிமன்றம்தான் சொல்ல முடியும். மனம் உடைந்திருக்கும்போது பேச 14416 இருக்கிறது.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பாதுகாவலர் நியமிக்கப்பட்டிருக்கலாம். அவரே கொடுமை செய்தாலோ சொத்தைத் தின்றாலோ, பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற அமைப்போ ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் மட்டக் குழுவிடம் அவரை நீக்கக் கேட்கலாம். 'கார்டியன் சர்டிபிகேட் என்கிட்ட இருக்கு' என்று யாராவது நீட்டினால் பயந்து பின்வாங்காதீர்கள். எந்தக் குழு, எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தது என்று படித்துப் பாருங்கள். பல நேரம் அது வெறும் நோட்டரி தாளாக இருக்கும்.

12. உத்தரவு கையில் வந்ததும்

நகல் உங்களுக்கும் சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்கும் இலவசமாகத் தரப்பட வேண்டும். நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு நகல் தங்குமிடத்தில், ஒன்று உதவியாளரிடம், ஒன்று குழந்தையின் பள்ளியில். காது கேளாதவர், பேச முடியாதவர் என்றால் உத்தரவின் முக்கிய வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பையில் வைத்திருங்கள், வாசலில் வந்து நிற்கும் காவலரிடம் நீட்டினால் போதும்.

பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். போனில் மிரட்டுவதும், ஆள் அனுப்பி நாற்காலியை எடுத்துப் போவதும் மீறல்தான். நடந்த அன்றே 112, மறுநாள் பாதுகாப்பு அலுவலர். உத்தரவு கிடைக்கவில்லை அல்லது போதவில்லை என்றால் நகல் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்தத் தேதியை நாட்காட்டியில் இன்றே வட்டமிடுங்கள்.